கடைசி வாயில் கவிழும்

ஷார்ஜா ரோலாவில் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம், அரசியல், கிரிக்கெட் எதற்கும் அறைக்குள் அவ்வளவு சண்டை வராது. ஸிங்கில் கிடக்கும் தட்டுக்குத்தான் வரும். யார் தட்டு என்று கேட்டால் ஒருத்தர் தட்டும் இல்லை. காய்ந்த பருப்போடு அதுவாகவே அங்கே முளைத்திருக்கும். எங்கள் ஃப்ளாட்டில் எல்லா அறைக்கும் சேர்த்து ஒரே சமையலறை. "சாப்பிட்ட தட்டை உடனே கழுவவும்" என்று மலையாளத்தில் எழுதி, அடியில் தமிழிலும் இந்தியிலும் யாரையோ பிடித்து எழுதவைத்து, ஸிங்குக்கு மேலே செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார் திருச்சூர்ச் சேட்டன். வயதில் மூத்தவர். ஃப்ளாட்டை எடுத்து எங்களுக்கெல்லாம் கட்டில் கட்டிலாகப் பிரித்து விட்டவரும் அவரே. ஆகவே அவர் ஒட்டியது அந்த வீட்டின் சட்டம்.

அந்தச் சட்டத்தில் நான் ஓர் ஓட்டை கண்டேன். தட்டே இல்லாவிட்டால் எதைக் கழுவுவது? வரும் வழியில் பக்காலா மளிகைக் கடையில் ஒரு குப்பூஸ் ரொட்டிப் பாக்கெட், ஒரு டூனா டின். டின்னைத் திறந்து டின்னிலேயே சாப்பிட்டு டின்னையே குப்பையில் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு ஸ்பூன். துபாயில் வேலை முடித்து, ஷார்ஜா எல்லையில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து வந்து இறங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மற்றவர்கள் மெஸ் போட்டு, எட்டு மணிக்கே சுப்ரா என்கிற சாப்பாட்டு விரிப்பை விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். நான் வரும்போது சுப்ராவைச் சுருட்டி ஓரமாகச் சாய்த்திருப்பார்கள்.

சிக்கல் ஸ்பூனில் ஆரம்பித்தது. டூனா டின் ஆழமில்லாத சாமான். நாலரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அதிகம். நம் ஸ்பூனோ ஒரு சாண் நீளம். உள்ளே சாய்த்து வைத்தால் பிடியின் கனம் கிண்ணத்தைத் தூக்கிவிடும். ஸ்பூன் எண்ணெயோடு குட்டிக்கரணம் அடித்து மெத்தையில் விழும். குப்பூஸைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டும். எனவே ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனை எங்கேயாவது வைத்தாக வேண்டும். வெட்டியெடுத்த மூடி வேறு. அதன் அடியில் எண்ணெய், விளிம்பில் கத்தி. அதையும் வைக்க இடம் வேண்டும். எனக்கு வாய்த்ததோ அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. அதுதான் நாற்காலி, அதுதான் மேசை, அதுதான் பூஜை அறை. ஆளுக்கு மூன்று கை இருந்தால் டூனா நல்ல உணவு.

சௌகரியத்துக்காகத்தான் அந்தத் தாங்கியைச் செய்யக் கிளம்பினேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒருநாள் ராத்திரி கீழ்க்கட்டில் கீழக்கரை பாய் தண்ணீர் குடிக்க எழுந்தவர், நான் டின்னுக்குள் ஸ்பூனை விட்டுச் சுரண்டுவதைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, இன்னும் சம்பளம் போடலையா?"

கேலி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் அக்கறையாகக் கேட்டார். மறுநாள் காலையில் என் தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அந்த வாழைப்பழம் எனக்குப் பெரிய அடி. அதே டூனாவைத் தட்டில் கொட்டிச் சாப்பிட்டிருந்தால் பழம் வந்திருக்காது. தட்டில் சாப்பிடுகிறவன் குடும்பஸ்தன். டின்னில் சாப்பிடுகிறவன் கதியில்லாதவன். உலகம் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்று தோன்றியது. டின் டின்னாகவே இருக்கட்டும், ஆனால் அதற்கு ஓர் ஆசனம், பக்கத்தில் ஸ்பூன் சாய்ந்துகொள்ள ஒரு கை, பின்னால் மூடியைச் செருக ஒரு கவ்வி. பார்க்கிறவன் 'ஓ, இது இப்படித்தான் சாப்பிடுகிற அயிட்டம் போலிருக்கிறது' என்று நினைத்துப் போய்விட வேண்டும்.

எனக்குத் தொழில் அலுமினிய ஜன்னல், கதவு செய்கிற கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. நாற்பது மாடிக் கண்ணாடிச் சுவருக்கு பிராக்கெட் வரைகிறவனுக்கு ஒரு ஸ்பூனுக்கு பிராக்கெட் வரையத் தெரியாதா? மதிய இடைவேளையில் ஆட்டோகேடில் வரைந்தேன். முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, வலது மூலையில் கட்டம் கட்டித் தலைப்பு. எல்லாம் முறைப்படி. பிரிண்ட் கொடுத்தபோதுதான் தவறு. ஏ4 என்று நினைத்துக் கொடுத்தது பொதுவில் இருக்கும் பிளாட்டருக்குப் போய், ஏ1 தாளில், ஒரு ஆள் கை அகல ஸ்பூன் தாங்கியாக வந்து இறங்கியது. அதை முதலில் எடுத்தவர் எங்கள் எகிப்து முஹந்திஸ், அதாவது இன்ஜினியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது எந்த சைட்? ஹேண்ட்ரெயில் பிராக்கெட்டா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

"லோட் கால்குலேஷன் எங்கே?"

அப்புறம் தருகிறேன் என்று சொல்லித் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் சிரிப்பு. இந்த ஆள் ஸ்பூனுக்கு லோட் கணக்கு கேட்கிறாரே என்று. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு நானே வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

சாமானுக்குப் பஞ்சமில்லை. லாண்டரியில் சட்டைக்கு ஒன்றாகக் கம்பி ஹேங்கர் வரும், திருப்பிக் கேட்கமாட்டார்கள். மூக்குக் குறடு ஆஃபீஸில் இருக்கிறது. வெர்னியரும் அங்கேதான். டின்னின் உடம்பை அளந்தேன்: 83 மில்லிமீட்டர் சொச்சம். தாராளமாக 84-க்கு ஒரு வளையம் வளைத்தேன். மேலேயிருந்து போட்டால் இறங்கவில்லை. கீழேயிருந்து போட்டால் ஏறவில்லை. அழுத்தினால் கம்பி கோணிக்கொண்டு சிரித்தது. டின்னின் தலையிலும் காலிலும் ஒரு விளிம்பு புடைத்திருக்கும் என்பதை இத்தனை வயதுவரை பார்த்தும் பார்க்காமலே இருந்திருக்கிறேன். நான் அளந்தது இடுப்பை. சட்டை நுழைய வேண்டியது தோள் வழியாக.

தொழிலில் அவமானப்பட்டவன் படிக்க ஆரம்பிப்பான். நானும் டின்னைப் பற்றிப் படித்தேன். டின் செய்கிறவர்கள் அளவைச் சொல்வது விநோதமான முறை. என் டூனா டின் அவர்கள் பாஷையில் 307. முதல் எண் அங்குலம், அடுத்த இரண்டு எண்கள் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பது. அதாவது மூன்று அங்குலமும் பதினாறில் ஏழும். ஏறக்குறைய 87 மில்லிமீட்டர். அவர்கள் அளப்பது விளிம்போடு சேர்த்து. அந்த விளிம்பும் லேசுப்பட்டதில்லை. மூடித் தகட்டில் மூன்று மடிப்பு, உடம்புத் தகட்டில் இரண்டு மடிப்பு, ஆக ஐந்து அடுக்கு ஒன்றையொன்று கவ்வி நசுங்கியிருக்கும். காற்றுகூடப் புகாது. அதற்கு முந்தைய காலத்தில் மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். ஐந்து அடுக்கு மடிப்பை யோசித்துச் செய்தவன் கண்டுபிடிப்பாளன். அதை வெர்னியர் வைத்துக்கொண்டு கவனிக்காதவன் நான்.

வளையத்தை 88-க்கு விரித்தேன். இப்போது விளிம்பைத் தாண்டிச் சறுக்கிக் கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. உடம்புக்கும் வளையத்துக்கும் நடுவே காற்றாடியது. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி வளையத்தைத் தடிமனாக்கி ஒருவழியாகப் பிடிக்கவைத்தேன். வேறு கம்பெனி டின் சிலவற்றுக்கு அடி விளிம்பே கிடையாது, ஒரே தகட்டை அழுத்திக் கிண்ணமாக எடுத்திருப்பார்கள், அதற்குக் கீழேயிருந்து மாட்டியிருந்தால் வளையம் தலை விளிம்பில் தானாக நின்றிருக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. நீள்சதுர மத்தி டின்னைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. நினைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பார்க்க நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டின்னின் வலப்பக்கம் கம்பி ஒரு அன்னத்தின் கழுத்தாக எழுந்து வெளியே வளைந்து, நுனியில் இரண்டு விரலாகப் பிரிந்து ஸ்பூனை ஏந்திக்கொண்டது. பின்னால் துணிக்கிளிப்பின் ஸ்பிரிங்கில் செய்த கவ்வி மூடியை நிமிர்த்திப் பிடித்தது. படம் எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினேன். அவள் தென்காசியில், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம். பதில் குரலாக வந்தது.

"ஏங்க, ஒரு தட்டுல கொட்டித் தின்னா என்னங்க?"

தட்டு, ஸிங்க், சேட்டனின் சட்டம் எல்லாவற்றையும் நீளமாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கம்பிய யாரு கழுவுவா?" என்றாள். அன்று இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி திறப்பு விழா. மேல்கட்டிலில் சம்மணம் போட்டு, முன்னால் தாங்கியோடு டின். முதல் வாய் எடுத்தேன். ஸ்பூனைக் கையில் வைத்தேன். நின்றது. குப்பூஸ் பிய்த்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன், நின்றது. மூடி பின்னால் வெள்ளிப் பிறை மாதிரி நிமிர்ந்து நின்றது. இத்தனை நாள் பட்டதெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நிதானமாக, கொஞ்சம் ராஜ தோரணையோடே சாப்பிட்டேன். பாய் கீழேயிருந்து பார்க்கமாட்டாரா என்றுகூட இருமினேன். அடியில் கொஞ்சம் துருவலும் எண்ணெயும் மிஞ்சியிருந்த சமயம். கடைசி வாய்க்குக் குப்பூஸைச் சரிசெய்துகொள்ள ஸ்பூனைக் கையில் வைத்தேன். டின் ஒரு பக்கம் எழுந்தது. அவசரமே இல்லாமல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுந்து, யோசித்து, கவிழ்ந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. பிளஸ் டூ பையன் போடுவான். நிறைந்த டூனா டின் 200 கிராமுக்கு மேல் இருக்கும். காலி டின் அதில் ஆறில் ஒரு பங்கு வந்தால் பெரிது. ஸ்பூனின் எடை மட்டும் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் ஒன்றுதான். அந்த ஸ்பூன் டின்னின் விளிம்புக்கு வெளியே, என் அழகான அன்னக் கழுத்தின் நுனியில் தொங்குகிறது. சாப்பிடச் சாப்பிட ஒரு பக்கம் இளைக்கிறது, மறுபக்கம் அப்படியே நிற்கிறது. எங்கோ ஒரு வாயில் இரண்டும் சமமாகும். அதற்கடுத்த வாயில் கவிழும். பாதி டின்னில் கவிழ்ந்திருந்தால்கூட முதலிலேயே புத்தி வந்திருக்கும். என்னுடையது பசி தீர்ந்து, மனம் நிறைந்து, பெருமை உச்சத்துக்கு வந்தபின், எண்ணெய் மட்டும் மிஞ்சியிருக்கிற வேளை பார்த்துக் கவிழ்கிற வடிவமைப்பு. வேண்டுமென்றே செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. முஹந்திஸ் கேட்ட லோட் கால்குலேஷன் இதுதான்.

எண்ணெய் மெத்தையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அது பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. கீழ்க்கட்டில் கம்பியில் பாய் தம் வெள்ளை ஜுப்பாவைத் தேய்த்துத் தொங்கவிட்டிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. தோள்பட்டையிலிருந்து மார்புவரை மஞ்சளாக ஒரு ஆறு. பாய் விளக்கைப் போட்டு, ஜுப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதப் போட்டுட்டு ஜும்ஆவுக்குப் போனா என் தொழுகை வரிசையில பூனையில்ல வந்து நிக்கும்" என்றார்.

கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டம். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு நடுராத்திரியில் நான் அந்த ஜுப்பாவைக் கசக்கினேன். ஒரு தட்டைக் கழுவாமல் தப்பிக்க ஆரம்பித்த காரியம்.

அதோடு விட்டிருந்தால் மனிதன். நானோ அடிக்குக் கனம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். முடிவு சரி. டின்னுக்கு அடியில் அகலமான கனத்த தட்டு இருந்தால் கவிழாது. ஆனால் நான் அதற்கு எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேளுங்கள். ஃபேக்டரியில் மிஞ்சிய துண்டு, ஜன்னல் சட்டத்தில் வெட்டிப்போட்ட அலுமினியம். உலோகங்களில் கனமில்லாததற்காகவே ஆகாய விமானம் செய்கிற உலோகத்தை நான் கனத்துக்காக வைத்தேன். இரும்பு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் என்பது நான் சோறு தின்கிற தொழிலின் முதல் பாடம். கையில் கிடைத்தது அதுதான், கண்ணுக்குப் பழகியதும் அதுதான். கவிழ்வது கொஞ்சம் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான். பிறகு பழைய கேட் கீலின் இரும்புப் பட்டையை வைத்தேன், நின்றது. டூனாவைவிடத் தாங்கி கனமாகிவிட்டது என்பது தனிக் கதை.

இந்தக் காலத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தது வரலாறு. டின்னில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810. அதை பிரையன் டாங்கின் விலைக்கு வாங்கி, கூட்டாளிகளோடு லண்டன் பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை போட்டு, 1813 வாக்கில் கப்பல்படைக்கும் ராணுவத்துக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் டின்னைத் திறக்க ஒரு கருவி வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உளியும் சுத்தியலும் கொண்டு மேல் விளிம்பை ஒட்டி வெட்டவும் என்பதுதான் அன்றைய செய்முறைக் குறிப்பு. இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் டின் கட்டர் செய்தது 1855-ல். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை எடுத்தது 1858-ல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு உலகம் உளியால் சாப்பிட்டிருக்கிறது. திறக்கவே அவ்வளவு காலம் என்றால், திறந்தபின் ஸ்பூனை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டு ஆனது நியாயம்தானே? அந்த இடத்தில்தான் வரலாறு என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று நினைத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் இப்படியெல்லாம் தோன்றும்.

காப்புரிமைவரை போனேன் என்றால் நம்புவீர்களா? சென்னையில் இருக்கிற மச்சான் கிண்டி காப்புரிமை அலுவலகப் பக்கம்தான் வேலை பார்க்கிறான். தனியாள் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் 1,600 ரூபாய் என்றான். 'முன்னாலேயே யாரும் செய்திருக்கக்கூடாது, அதைப் பார்த்துக்குங்க அத்தான்' என்றும் சொன்னான். பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். சாமுவேல் ஃபிரான்சிஸ் என்கிற அமெரிக்கர் கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் மூன்றையும் ஒரே துண்டில் சேர்த்து 1874-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். 1942-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த பி-38 என்கிற டின் கட்டர், மடக்கினால் விரல் நீளம்கூட இல்லாத தகடு. சிப்பாய்கள் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியப் படையினரின் உணவுப் பொட்டலத்தில் ஒரு முனை ஸ்பூன், மறுமுனை டின் கட்டர் என்று ஒரே தகட்டில் ஒன்று வந்தது. அதன் பெயர்ச் சுருக்கம் ஃபிரெட். அந்த எழுத்துகளை வைத்தே சிப்பாய்கள் அதற்கு ஒரு கெட்ட வார்த்தைப் பெயரும் வைத்தார்கள்.

இவர்கள் ஒருவருக்கும் ஸ்பூனை வைக்க இடம் தேவைப்படவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பதுங்குகுழியில் உட்கார்ந்து டின்னில் சாப்பிட்டவன் கடைசியில் ஸ்பூனை நக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறான். ஏசி ஓடுகிற அறையில், மெத்தைமேல் உட்கார்ந்து, நாளை காலை ஏழு மணிக்குப் பஸ் வரும் என்று தெரிந்து சாப்பிடுகிறவனுக்குத்தான் தாங்கி வேண்டியிருக்கிறது. அந்தச் சிப்பாயை யாரும் 'சம்பளம் போடலையா' என்று கேட்கவில்லை, என்னைக் கேட்டுவிட்டார்கள்.

ஜப்பானில் கென்ஜி கவாகாமி என்றொருவர். உபயோகம் இருப்பதுபோலவே இருந்து உபயோகப்படாத சாமான்களைச் செய்வதை ஒரு கலையாகவே வளர்த்தவர். நூடுல்ஸை ஆறவைக்க சாப்ஸ்டிக்கில் மாட்டும் குட்டி ஃபேன், குச்சிப் பசை மாதிரி திருகித் தேய்க்கிற வெண்ணெய். அந்தக் கலைக்கு விதிகள் உண்டு: உண்மையில் உபயோகப்படக்கூடாது, ஆனால் செய்து காட்டியிருக்க வேண்டும், விற்கக்கூடாது, காப்புரிமை எடுக்கக்கூடாது. படித்துப் பார்த்தால் நான் எல்லா விதிக்கும் உட்பட்டே இருந்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், அவர் தெரிந்து செய்தார்.

மச்சானிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1,600 ரூபாய் மிச்சம். அதைவிட அதிகம் முப்பரிமாண பிரிண்டில் போனது.

அது ஆஃபீஸ் பையன் ஒருவன் கிளப்பிவிட்டது. 'கம்பியெல்லாம் எதுக்கு சார், ஃபைல் குடுங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்.' இந்தத் தடவை ஃபூல் டின்னுக்கென்று வரைந்தேன். ஃபூல் என்பது எகிப்துக்காரர்களின் காலை உணவு, ஒருவகை மொச்சை. அவர்கள் ஊரில் ராத்திரி முழுக்கப் பானையில் வேகவைப்பார்கள். முஹந்திஸ்தான் சொல்லித்தந்தார்: டின்னை வாங்கு, நன்றாகச் சூடாக்கு, சீரகப்பொடி, எலுமிச்சை, மேலே ஆலிவ் எண்ணெய். 400 கிராம் டின், நெட்டையானது, விட்டம் குறைவு. இந்தத் தடவை விளிம்பில் அளந்தேன். வளையம், கை, மூடி கவ்வி எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே துண்டாக வந்தது. கனத்துக்கு அடியில் இரும்பு வாஷர் செருகக் குழிகூட வைத்திருந்தேன். பல்பொருள் கடையில் அட்டைப்பெட்டிக்குள் பார்த்தால் நீங்களே காசு கொடுத்து வாங்குவீர்கள்.

ஃபூலைச் சூடாக்க வேண்டும். டின்னைத் திறந்து வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தினேன். தூக்குவதற்கு வசதியாக இருக்கட்டுமென்று தாங்கியையும் மாட்டிவிட்டே நிறுத்தினேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள். அந்த பிரிண்ட் பிளாஸ்டிக்குக்கு பி.எல்.ஏ. என்று பெயர், 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். சட்டித் தண்ணீர் அதைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துத் தூக்கினேன். கை வந்தது, ஜவ்வு மிட்டாய்போல நீண்டு கொண்டே வந்தது, டின் வரவில்லை. பிறகு வளையமும் வாய் பிளந்தது. டின் சாய்ந்து மொச்சையெல்லாம் சட்டிக்குள். பின்னால் பெங்காலிப் பையன்கள் இரண்டு பேர் மீன் குழம்பு வைக்க அடுப்புக்குக் காத்து நின்றார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து 'சூப்?' என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஹேண்ட்ரெயிலுக்கு ஆமாம் சொன்ன அதே வாய்.

அந்தச் சூப்பைத் தட்டில்தான் சாப்பிட்டேன்.

கழுவுகிற சமாசாரத்தில் என் வீட்டுக்காரி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பித் தாங்கியில் டேப் சுற்றியிருந்த இடத்தில் மீன் எண்ணெய் போய் உட்கார்ந்துகொண்டால் வராது. ஸ்பிரிங்குக்குள் பழைய பல் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். இரும்புப் பட்டையைத் துடைக்காமல் வைத்தால் துரு. இத்தனையையும் ஒருநாள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸிங்க் ஓரத்தில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சேட்டனின் சட்டத்தில் திருத்தம் வந்திருந்தது. 'தட்டு' என்பதற்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, புதுப் பேனாவில், 'மற்றும் இதர யந்திரங்கள்'. தமிழ் மொழிபெயர்ப்புக்கு பாயைப் பிடித்திருந்தார் என்பது கையெழுத்தில் தெரிந்தது.

கீல் பட்டை வைத்த அந்தக் கனத் தாங்கி பிறகு ஒருநாள் காணாமல் போனது. குப்பைக்குப் போயிருக்கும், நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பச்சைக் குப்பைத்தொட்டிகள் வரிசையாக நிற்கும் சந்தில் எப்போதும் பூனைக் கூட்டம். சேட்டன் மெஸ்ஸில் மிஞ்சுகிற மீன் தலையும் டின் அடியும் ராத்திரி அங்கே கொண்டுபோய் வைப்பார். பூனை வெறும் டின்னை நக்கினால் டின் நகரும், பூனை பின்னாலேயே போகும், தரையில் தகரம் இழுபடும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி அந்தப் பக்கமாக வந்தேன். ஒரு காதறுந்த கடுவன், டின்னுக்குள் முழுத் தலையையும் விட்டு நக்கிக்கொண்டிருந்தது. டின் அசையவில்லை. அடியில் என் கேட் கீல்.

நின்று கடைசிவரை பார்த்தேன். கவிழவில்லை. கவிழாது, பூனை ஸ்பூன் வைக்காது.

சேட்டன் மாடியிலிருந்து என்னைப் பார்த்திருக்கிறார். அறைக்கு வந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் டிராயிங்கை ஒருவரும் பாராட்டியதில்லை. இப்போது பாராட்டப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"மோனே, அது கொள்ளாம். நாலெண்ணம் கூட உண்டாக்கித் தருமோ? இரும்பு வாங்கான் பைசா ஞான் தராம்."

தருகிறேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் ஆர்டர். அளவு எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடினேன்.

"பின்னே," என்றார் சேட்டன் எழுந்துகொண்டே, "அந்த ஸ்பூன் வைக்குந்ந கை உண்டல்லோ, அது மட்டும் வேண்டா. பூச்சயோட கண்ணில குத்தும்."

கை இல்லாவிட்டால் அது என்னுடையது என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய தட்டோ கிடந்தது போலிருக்கிறது, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தைத் திறந்து அன்னக் கழுத்தை அழித்தேன். இரும்புப் பட்டைக்கு ஆர்டர் சொல்லியிருக்கிறேன். பூனைகளுக்கு 211 அளவு டின் போதும். விளிம்போடு சேர்த்து 68 மில்லிமீட்டர்.